செபஸ்தியார் பக்கத்து வரிசை

வரட்டும், மெதுவாக வரட்டும், எனக்கொன்றும் அவசரமில்லை, ஆண்டவரும் எங்கேயும் போய்விடப் போவதில்லை, என் கையில்தான் இருக்கிறார், பாத்திரத்தின் விளிம்பு வரைக்கும் வெள்ளை அப்பங்களாக நிறைந்து இருக்கிறார், அவரைத் தாங்கிக்கொண்டு செபஸ்தியார் சொரூபத்துக்குப் பக்கத்தில் நான் நிற்கிறேன், எதிரில் ஈ காக்கை இல்லை. நடுவில் பெனிட்டோ ஃபாதர் நிற்கிறார், அவர் முன்னால் நன்மை என்கிற இந்த அப்பத்தை வாங்குகிற வரிசை கோயில் வாசலைத் தாண்டி வெளியே போகிறது, ஆண்கள் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள், பெண்கள் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செபஸ்தியாரைப் பார்த்த மாதிரி நடித்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். என் முன்னால் சிவப்புத் தரைதான் இருக்கிறது. நேற்று எங்கள் தெருப் பெண்கள்தான் சோப்புப் போட்டுத் தேய்த்தோம், பளபளவென்று இருக்கிறது, மேலே மின்விசிறி சுற்றுவதுகூட அதில் தெரிகிறது, மனிதக் கால் ஒன்றுதான் தெரியக் காணோம். இருக்கட்டும், பாட்டு இன்னும் முதல் சரணத்தில்தான் இருக்கிறது, முடிவதற்குள் யாராவது வருவார்கள். ரோணிக்கம், நேராக நில், இடுப்பில் கை வைக்காதே, இது கடை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கை எங்கே இருக்கிறது இடுப்பில் வைக்க, இடது கையில் பாத்திரம், வலது கையில் ஓர் அப்பம், எடுத்து எவ்வளவு நேரமாகத் தயாராக வைத்திருக்கிறேன், விரலில் ஈரம் கோத்துவிடப் போகிறது. காலையில் இந்தக் கையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன், புளி போட்டுத் தேய்த்தேன், அப்புறம் மகளுடைய ரோஜா சோப்பு, கடைசியில் என் வீட்டுக்காரர் மதலைமுத்து பார்த்துவிட்டு, போதும்டி, தோல் உரிந்துவிடும் என்றார், கோழிக்குத் தோல் உரிக்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கோழிக் கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது, இருந்தாலும் இன்றைக்கு நீ கத்தியைத் தொடாதே என்று அவரே சொல்லிவிட்டுத் தனி ஆளாக நிற்கிறார். இந்தக் கோயிலில் இருக்கிறவர்களில் பாதிப் பேரை வாங்குகிற கறியை வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரியும். அதோ நீலப் புடவை, அவளுக்குத் தோலோடு வேண்டும். அவளுக்குப் பின்னால் நிற்கிறவர் ஈரலைத் தனியாகக் கேட்டு வாங்குவார். அதற்குப் பின்னால் நிற்கிற அம்மா கழுத்தைத் தள்ளிவிட்டுத்தான் எடை போட வேண்டும் என்று வாரா வாரம் சண்டை பிடிப்பாள். பூசை முடிந்ததும் இதே ஆட்கள் என் கடை முன்னால் முண்டியடித்துக்கொண்டு நிற்பார்கள், எனக்கு முதலில் கொடு, எனக்கு முதலில் கொடு என்று கை நீட்டுவார்கள். கோழியை வாங்கும்போது கூசாத கை இப்போது கூசுகிறதாக்கும்.

நானா கேட்டேன், என்னை இங்கே நிறுத்துங்கள் என்று? இல்லை, பொய் சொல்லக்கூடாது, இதை வைத்துக்கொண்டு பொய் சொல்லக்கூடாது, வாயால் கேட்கவில்லை, மனசு கேட்டது. பெனிட்டோ ஃபாதர் வருவதற்கு முன்னால் எங்கள் கோயில் பங்கில் அன்பியம் என்பது பேருக்குத்தான் இருந்தது. தெருத்தெருவாகக் குடும்பங்களைப் பிரித்து ஆளுக்கொரு புனிதர் பெயரை வைத்தார்கள், எங்கள் தெருவுக்கு அன்னம்மாள் பெயர், திருவிழா அன்றைக்கு அந்தப் பெயர் எழுதிய துணியைப் பிடித்துக்கொண்டு நடப்பதோடு சரி. இவர் வந்தார், வாரம் ஒரு வீட்டில் பாய் விரித்து உட்காருங்கள் என்றார், பைபிளில் ஒரு பகுதியை வாசிக்கச் சொன்னார், வாசித்து முடித்ததும் உங்கள் மனசில் பட்டதைச் சொல்லுங்கள் என்றார். மனசில் பட்டதா! முழங்கால் போடு என்றால் போட்டு, எழுந்திரு என்றால் எழுந்து பழகிய சனம், வாயடைத்துப் போயிற்று. நான்தான் முதலில் வாய் திறந்தேன். காணாமல் போன ஓர் ஆட்டுக்காக மற்றதையெல்லாம் விட்டுவிட்டுத் தேடப் போகிற மேய்ப்பனைப் பற்றிய பகுதி அது, அந்த ஆளுக்கு யாவாரம் தெரியாது ஃபாதர், ஒன்றைத் தேடிப் போனால் மிச்சத்தை நாய் நரி கொண்டுபோய்விடும் என்றேன். எல்லோரும் பதறிப்போய் ஃபாதர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “அதுதான் ரோணிக்கம்மா விஷயம். கடவுளுக்கு யாவாரம் தெரியாது,” என்றார். அன்றைக்கு எங்கள் தெருவுக்கே வாய் திறந்தது, பிறகு மூடவே இல்லை. பேசிப் பேசி, செபம் பண்ணிப் பண்ணி, சும்மா உட்கார்ந்து பேசினால் போதுமா என்று வீடு வீடாகப் போனோம், போனால் ஒவ்வொரு தெருவிலும் எழுந்திருக்க முடியாமல் படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்கள். அவர்களுக்கு முதல் வெள்ளிக்கிழமை ஃபாதர் நன்மை கொண்டுபோய்க் கொடுப்பார், அப்புறம் அடுத்த மாதம்தான், மலையடிவாரம் வரைக்கும் அவருக்குச் சிற்றாலயங்கள் இருக்கின்றன, அவரும் ஒரு மனுஷர்தானே. அப்போதுதான் சொன்னார், ஆயர் அனுமதி கொடுத்திருக்கிறார், உங்களில் ஒருவரே ஞாயிறுதோறும் கொண்டுபோகலாம், தெருவுக்கு ஓர் ஆளைத் தேர்ந்தெடுங்கள் என்று. எங்கள் தெருவில் எல்லோரும் என் பெயருக்குத்தான் கை தூக்கினார்கள், ஆயர் இல்லத்தில் ஒரு சிஸ்டரை வைத்துப் பயிற்சியும் கொடுத்துவிட்டார்கள், எல்லாம் முடிந்த பிறகு பங்குப்பேரவைக் கூட்டத்தில் பாஸ்கல் சார் எழுந்தார், ரிட்டையர்ட் தலைமையாசிரியர், எழுந்தாலே வகுப்பு மாதிரி ஆகிவிடும். சனங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா, முதலில் கோயிலில் நின்று கொடுத்துப் பார்க்கட்டும், வரிசையில் ஆள் நின்றால் வீடுகளுக்கும் போகட்டும், நிற்காவிட்டால் இந்தப் பேச்சையே விட்டுவிடலாம் என்றார். நியாயம் மாதிரித்தான் இருந்தது, ஃபாதராலும் மறுக்க முடியவில்லை. மற்றத் தெருக்களில் தேர்ந்தெடுத்ததெல்லாம் ஆம்பளைகள், அவர்கள் முதலில் ரோணிக்கம்மா நிற்கட்டும் என்று நைசாக ஒதுங்கிக்கொண்டார்கள். ஆகவே நிற்கிறேன். இன்றைக்கு இந்த வரிசையில் ஆள் நிற்காவிட்டால் படுத்துக் கிடக்கிறவர்களுக்கு மறுபடியும் மாதம் ஒரு தடவைதான்.

இரண்டாவது சரணம் வந்துவிட்டது. அதோ தெரசாள், எங்கள் அன்பியத்தில் பாட்டு எடுத்துக் கொடுப்பவள், நேற்று இதே தரையைத் தேய்த்துக்கொண்டே, நீங்க பயப்படாம நில்லுங்கக்கா, நாங்க இருக்கோம்ல என்றவள், முக்காட்டை நன்றாக முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு ஃபாதர் வரிசைக்குப் போகிறாள், முக்காடு போட்டால் எனக்கு அடையாளம் தெரியாது என்று நினைப்பு, உன் நடையே காட்டிக் கொடுக்குமே தெரசா. அவள் பின்னாலேயே அன்னம்மாள் அன்பியம் மொத்தமும். கோபம் வருகிறதா? வருகிறது. வரட்டும், அதற்காக முகத்தில் காட்ட முடியுமா. ஒருவேளை அவர்களும் என்ன செய்வார்கள், என்னைத் தெரிந்தவர்கள் அதுதான் சங்கடம், குழாயடியில் நான் போடுகிற சண்டையைக் கேட்டவர்கள், கோழியின் காலைப் பிடித்துத் தூக்குகிற கையைப் பார்த்தவர்கள், ஃபாதர் கை அபிஷேகம் பண்ணின கை, எண்ணெய் பூசின கை. என் கையிலும் எண்ணெய்தான், கோழிக் கொழுப்பு. வாசனை இருக்குமோ? முகர்ந்து பார்க்கவும் முடியாது, அப்பத்தை மூக்கிடம் கொண்டுபோனால் என்ன நினைப்பார்கள். சின்ன வயசில் எனக்கு முதன்முதலாகப் புதுநன்மை கொடுத்த வருஷம் கன்னியர் மடத்துச் சிஸ்டர் சொல்வார்கள், நன்மை பல்லில் படக்கூடாது, பட்டால் ரத்தம் வரும், கையால் தொட்டால் கை விளங்காமல் போய்விடும். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதை நாக்கால் எடுக்கப் பயந்து, எச்சில் விழுங்கப் பயந்து, வெள்ளைக் கவுனோடு அழுதேன். அந்த நான்தான் இப்போது இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கை விளங்காமல் போகவில்லை, நடுங்குகிறது, அவ்வளவுதான். நடுங்காதே. கீழே போட்டுவிட்டால் என்ன ஆகும், பாஸ்கல் சாருக்கு வேறு பேச்சே வேண்டாம். பேசாமல் போய் ஃபாதர் பக்கத்தில் நின்றுகொள்ளலாமா, பாத்திரத்தைப் பீடத்தில் வைத்துவிட்டு பின்னால் இருக்கிற சக்ரீஸ்து அறை வழியாக வெளியே போய்விடலாமா, பின்வாசல் திறந்துதான் இருக்கிறது, பத்தடி கூட இருக்காது, கடைக்குப் போனால் என்னைப் பார்த்ததும் கூட்டம் சந்தோஷப்படும். ஃபாதர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார், பார்வையில் இரக்கம், ஐயோ, இரக்கம் மட்டும் வேண்டாம் ஃபாதர், அதற்குச் சண்டையே தேவலை. கொஞ்ச நேரம் முன்னால்தான் கோயில் மொத்தமும் ஒரே குரலில் நான் தகுதியற்றவன் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லி முடித்தது. சொல்லி வாய் மூடவில்லை, தகுதி இல்லாதவள் நான் ஒருத்திதான் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். இங்கே பாரும் ஆண்டவரே, என்னை ஒதுக்கினால் எனக்குப் பழக்கம், ஆனால் உம்மையும் சேர்த்துத்தான் ஒதுக்குகிறார்கள், அந்தப் பாத்திரத்தில் இருக்கிறதும் நீர்தான், இந்தப் பாத்திரத்தில் இருக்கிறதும் நீர்தான், வேண்டுமானால் நாம் இரண்டு பேரும் இப்படியே நிற்போம், கால் வலித்தால் நான் சொல்கிறேன், உமக்கு வலித்தால் நீர் சொல்லும். சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பில் கை நடுக்கம் நின்றுவிட்டது. நான் போக மாட்டேன். பாட்டு முடியட்டும், விளக்கை அணைக்கட்டும், நான் போக மாட்டேன்.

பெண்கள் பக்கம் கடைசியில், தூணுக்குப் பின்னால், யாரோ எழுந்திருக்கிறாள். பச்சைப் புடவை. எழுந்து வரிசையில் சேராமல், பெஞ்சுகளுக்கு நடுவே இருக்கிற வழியில் நேராக நடக்கிறாள், நேராக என்றால் என்னை நோக்கி. ஜெசிந்தா. மாதாவே, இவளா. வேறு யாரை வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாமே. ஜெசிந்தா என் ஓரகத்தி, என் கொழுந்தன் சூசைமாணிக்கத்தின் பெண்டாட்டி, எங்கள் எதிர்க்கடைக்காரி. அண்ணனும் தம்பியும் ஒரே கடையில்தான் இருந்தார்கள், பிரிந்தார்கள், எதிர்த்தாற்போலவே தம்பி கடை போட்டான், அதில்கூட எனக்கு வருத்தமில்லை, ஊருக்கு இரண்டு கடை தேவைதான். பெயர்ப்பலகையில்தான் வந்தது வினை. எங்கள் கடை சவேரியார் பிராய்லர்ஸ். இவள் ஒரிஜினல் சவேரியார் பிராய்லர்ஸ் என்று எழுதி மாட்டினாள். அப்படியானால் நாங்கள் யார், டூப்ளிகேட்டா? கேட்டேன், தெருவே கேட்கும்படி கேட்டேன், அவளும் தெருவே கேட்கும்படி பதில் சொன்னாள், அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது. வருஷங்கள் ஓடிவிட்டன. எதிரும் புதிருமாக நின்று கோழி வெட்டுகிறோம், ஒரே கோயிலுக்கு வருகிறோம், ஒரே தெருவில் சவ ஊர்வலத்துக்கும் கல்யாணத்துக்கும் நடக்கிறோம், ஒரு வார்த்தை இல்லை. போன வருஷம் சூசைக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் கொண்டுபோனேன், வாங்கி ஜன்னலில் வைத்தாள், மறுநாள் திறக்காமலே திரும்பி வந்தது. நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து மதினி மதினி என்று காலைச் சுற்றி வந்தவன் சூசை, இப்போது ஒரு பக்கம் வராமல் கட்டிலோடு கிடக்கிறான், ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தால் அழுகிறானாம், தெரசாள்தான் சொன்னாள். இவள் எதற்கு வருகிறாள்? என் முன்னால் ஆளில்லாததைப் பக்கத்தில் நின்று பார்க்கவா? வாங்காமல் திரும்பிப் போய் ஊர் பார்க்க என் மூக்கை உடைக்கவா? செய்யக்கூடியவள்தான். வந்துவிட்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை, நெற்றியில் நரை, எப்போது வந்தது அது, எதிர்க்கடையிலிருந்து பார்த்தால் தெரியவில்லையே. கோயில் மொத்தமும் பார்க்கிறது, பாஸ்கல் சார் கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு பார்க்கிறார், எங்கள் சண்டை ஊருக்கே தெரியும். இப்போதுதான் எனக்கு அது உறைக்கிறது. நான் சொல்ல வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும். நான் கிறிஸ்துவின் திருவுடல் என்று சொல்லாமல் அவளுக்குக் கொடுக்க முடியாது, அவள் ஆமென் என்று சொல்லாமல் வாங்க முடியாது, பதில் வரும்வரை காத்திருங்கள், அவசரப்பட்டு வாயில் திணிக்காதீர்கள் என்று பயிற்சியில் சிஸ்டர் படித்துப் படித்துச் சொன்னார். பேச மாட்டோம் என்று வைராக்கியமாக இருந்த இரண்டு பேரும் பேசியே ஆக வேண்டும், அதுவும் முதலில் பேச வேண்டியவள் நான். சரி. அப்பத்தை உயர்த்துகிறேன், அவள் கண்ணுக்கு நேராக. “கிறிஸ்துவின் திருவுடல்.” என் குரலா அது, யாரோ மெதுவாகப் பேசுகிற குரல். ஜெசிந்தா என் முகத்தையே பார்க்கிறாள். அவள் உதடு துடிக்கிறது, கண் நிறைகிறது, சொல்லவில்லை, இன்னும் சொல்லவில்லை, நான் காத்திருக்கிறேன், இவ்வளவு காலம் காத்திருந்தேனே, இன்னும் கொஞ்சம் காத்திருக்கிறேன். “ஆமென்!” மைக் இல்லாமலே மணிக்கூண்டு வரைக்கும் கேட்டிருக்கும். இரைச்சலான தெருவில் எதிர்ச்சாரிக்குக் கேட்கும்படி கூவிப் பழகிய தொண்டை அது, அவளுக்கு மெதுவாகச் சொல்லத் தெரியாது. பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவன் கட்டையை விட்டுவிட்டான். ஜெசிந்தா கண்ணை மூடி, சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டினாள், வைத்தேன், என் விரல் அவள் உதட்டில் பட்டது, சூடாக இருந்தது.

அவள் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கினாள், எனக்குத் தலைக்குள் ஒன்றுமே இல்லை, காலியாக, லேசாக, எதிரில் மறுபடியும் அந்தச் சிவப்புத் தரை, கையில் அடுத்த அப்பம், வாய் தன் பாட்டுக்குப் பழகினதைச் சொல்லிவிட்டது. “அடுத்து யாரு?” கடையில் கேட்கிற அதே குரலில், அதே சத்தத்தில். ஐயையோ. சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த குழந்தைகள்தான் முதலில் சிரித்தன, அப்புறம் பெண்கள் பக்கம், முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு, அப்புறம் ஆண்கள் பக்கம், பெனிட்டோ ஃபாதர் யாருக்கோ கொடுக்கப் போன கையை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார், தோள் இரண்டும் குலுங்குகிறது. செத்தேன். பூமி பிளந்து என்னை விழுங்கட்டும். பாஸ்கல் சார், உங்களுக்கு இதைவிட என்ன வேண்டும். ஆனால் என்ன இது, கழுத்தைத் தள்ளிவிட்டு எடை போடச் சொல்கிற அந்த அம்மா, ஃபாதர் வரிசையிலிருந்து விலகி, கடையில் கூப்பிட்டால் எப்படி வருவாளோ அப்படியே, நான்தான் அடுத்து என்கிற உரிமையோடு, என் முன்னால் வந்து நிற்கிறாள். வாய் ஓரத்தில் சிரிப்பு, கையைக் கூப்பிக்கொண்டு, ஆமென். அவள் பின்னால் ஈரல் வாங்குகிறவர், ஆமென். அவர் பின்னால் நீலப் புடவை. வரிசையாகத்தான் வருகிறார்கள், என் கடையில்கூட இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. தெரசாள் வருகிறாள், முக்காடு நழுவிப் போயிருக்கிறது, கண்ணெல்லாம் தண்ணீர், மன்னிச்சிருங்கக்கா என்கிறாள், அதற்குப் பதில் ஆமென் சொல்லுடி என்று அதட்டலாம் போல இருக்கிறது, அதட்டவில்லை, கிறிஸ்துவின் திருவுடல், மறுபடியும் சொல்கிறேன், ஆமென் என்கிறாள். அன்னம்மாள் அன்பியம் மொத்தமும் வருகிறது. தெரியாத தெருவெல்லாம் வருகிறது. கைகள் வருகின்றன, கையை நீட்டி வாங்குகிறவர்களின் கைகள், இடது உள்ளங்கை மேலே, வலது கை கீழே தாங்கி, கொத்தனாரின் சுண்ணாம்பு தின்ற கை, பூட்டுப் பட்டறையில் விரல் போன கை, மருதாணி சிவந்த கை, ஊசி போடுகிற நர்ஸம்மாவின் சுத்தமான கை, ஒவ்வொன்றிலும் நான் வைக்கிறேன், ஒவ்வொன்றும் மூடுகிறது. ஒருவர் ஆமெனை முணுமுணுக்கிறார், ஒருத்தி பாடுகிறாள், ஒரு புதுப்பெண் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்கிறாள், எத்தனை விதமான ஆமென் இந்த ஊரில் இருக்கிறது, நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லையே, மொத்தமாகச் சேர்த்துச் சொல்லித்தானே கேட்டிருக்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு வந்ததில்லை, கல்யாணத்தன்றுகூட இல்லை, மதலைமுத்து கோபித்துக்கொண்டாலும் சரி, உண்மை அதுதான். பாஸ்கல் சார் கடைசிவரை ஃபாதர் வரிசையிலேயே நின்று வாங்கிக்கொண்டார், போகட்டும், அவரவர் இஷ்டம், திரும்பிப் போகும்போது பெஞ்சில் தன் வீட்டம்மாவைத் தேடினார், அந்த அம்மா என் முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். பாட்டு முடிந்து, இன்னொரு பாட்டை ஆரம்பித்து, அதுவும் முடியப் போகிறது, என் பாத்திரத்தில் அடி தெரிகிறது, வரிசை தீரவில்லை. ஃபாதர் வரிசை எப்போதோ தீர்ந்துவிட்டது, அவர் பீடத்துக்கு ஏறாமல் நேராக என்னிடம் நடந்து வருகிறார், கோயில் பார்க்க நடந்து வருகிறார், தன் பாத்திரத்திலிருந்து என்னுடையதில் அப்பங்களை மாற்றுகிறார், ஒரு கை, இன்னொரு கை, சரசரவென்று சத்தம். என் காதோரம் குனிந்து, “இன்னும் ஆள் இருக்கு ரோணிக்கம்மா, கொடுங்க,” என்கிறார்.

எல்லாம் முடிந்து கடைசி ஆசீருக்கு முன்னால் ஃபாதர் என்னைப் பீடத்துக்குக் கூப்பிடுகிறார். நற்கருணைச் சிமிழ், உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னப் பித்தளைச் செப்பு, அதற்குள் எங்கள் தெருவில் படுத்துக் கிடக்கிறவர்களுக்கு வேண்டிய அப்பங்களை எண்ணி வைத்து, துணிப்பையில் போட்டு, என் கழுத்தில் மாட்டுகிறார். யாரையும் கேட்கவில்லை, பாஸ்கல் சாரைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. படியில் இறங்குகிறேன், கீழே ஜெசிந்தா நிற்கிறாள். போகவில்லை இவள். நன்மை வாங்கின நேரத்திலிருந்து செபஸ்தியார் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள் போல, முகம் வீங்கியிருக்கிறது. “அக்கா, மொதல்ல நம்ம வீட்டுக்கு வாங்க. அவரு காலையில இருந்து முழிச்சுக்கிட்டே கெடக்காரு.” நம்ம வீடு என்றாள். ஒரிஜினல் என்று எழுதினவள் நம்ம வீடு என்கிறாள். எனக்குப் பதில் சொல்ல வேண்டும், நிறையச் சொல்ல வேண்டும், தூக்குவாளியைப் பற்றி, நரையைப் பற்றி, ஏன்டி இத்தனை வருஷம் என்று கேட்க வேண்டும், ஆனால் சிமிழைச் சுமந்துகொண்டு போகும்போது வழியில் யாரிடமும் பேசக்கூடாது, அது சிஸ்டர் சொன்ன முதல் விதி. பார்த்தீரா ஆண்டவரே உம் வேலையை, பேசலாம் என்றபோதெல்லாம் நாங்கள் பேசவில்லை, இன்றைக்கு நெஞ்சு முட்டப் பேச்சு இருக்கிறது, பேசக்கூடாது. தலையை மட்டும் ஆட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது, முன்னால் நடந்தாள்.

வெயில் ஏறிவிட்டது. இரண்டு கையாலும் சிமிழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கிறேன், உள்ளே ஆண்டவர் என் நெஞ்சு அடிப்பதைக் கேட்டுக்கொண்டு வருகிறார், அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது, பயத்தில் இல்லை. எனக்கு முன்னால் ஜெசிந்தா பாதை உண்டாக்கிக்கொண்டே போகிறாள். “வழி விடுங்கப்பா, ஆண்டவர் வர்றாரு, சைக்கிள ஓரமா எடு, ஏய் நாயே, போ அங்கிட்டு.” அந்தத் தொண்டை எதற்குப் படைக்கப்பட்டது என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள், எங்கள் சாமி கும்பிடாதவர்கள்கூடக் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைக்கிறார்கள். பூசை முடிந்து சனம் பின்னாலேயே வருகிறது, கறி வாங்க வருகிறார்களா, என் பின்னால் வருகிறார்களா, எனக்கு எதுவானாலும் சரி. கடைத்தெரு. இந்தப் பக்கம் எங்கள் பலகை, அந்தப் பக்கம் அவள் பலகை, நடுவில் நாங்கள் இரண்டு பேரும். மதலைமுத்து கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறார், முதலில் ஜெசிந்தாவைப் பார்க்கிறார், அவள் பின்னால் என்னைப் பார்க்கிறார், வாய் திறந்தது மூடவில்லை. மடித்துக் கட்டின லுங்கியை அவிழ்த்து இறக்கிவிட்டார். கையைத் துடைக்க ஒன்றும் கிடைக்காமல் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, கல்லா, தராசு, காத்திருந்த சனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தெருவுக்கு இறங்கி முழங்கால் போடுகிறார், நடுத்தெருவில், கோழி இறகு ஒட்டின காலோடு. எனக்குக் கண் மறைக்கிறது. நிற்காதே ரோணிக்கம், நட.

எதிர்க்கடையை ஒட்டிய சந்து, சந்துக்குள் பச்சைக் கதவு, தெருவில் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டிப் போன கதவு. வாசல் தெளித்துப் பெரிய கோலம் போட்டிருக்கிறாள். பூசைக்கு வருவதற்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டும், ஓரமெல்லாம் காய்ந்திருக்கிறது. அப்படியானால் கோயிலில் யார் வந்தாலும் வராவிட்டாலும் இவள் வருவதென்று காலையிலேயே முடிவு பண்ணிவிட்டாள், நான்தான் தெரியாமல் அங்கே நின்று நடுங்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தே கிடக்கிறது, உள்ளே மெழுகுவர்த்தி எரிகிறது, வெள்ளைத் துணி விரித்த ஒரு ஸ்டூல், அதற்கு அப்பால் கட்டில், கட்டிலில் இந்தப் பக்கம் பார்த்துத் திரும்பப் பாடுபடுகிற ஒரு தலை. ஜெசிந்தா நிலைப்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துச் சொல்கிறாள், தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறாள். “ஏங்க, இங்க பாருங்க. உங்க மதினி வந்திருக்காக. ஆண்டவரத் தூக்கிக்கிட்டு வந்திருக்காக.” உள்ளேயிருந்து ஒரு சத்தம் வருகிறது, பேச்சு இல்லை, அழுகையும் இல்லை, வராத நாக்கைப் புரட்டி, இழுத்து, முதல் எழுத்தில் முட்டி, மறுபடியும் முட்டி, என்னைக் கூப்பிடுகிற சத்தம். நான் வலது காலை எடுத்து உள்ளே வைக்கிறேன்.